மாதாவிடம் நான் கேட்ட டியூஷன் வாத்தியார்

பிள்ளைகளே, பரிட்சை என்றால் பயமாக இருக்கிறதா? எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மில்லுக்குப் போனவன். ஆனால் ஆண்டவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம் என்று எங்கள் கோயில் உபதேசியார் சொன்னார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நாலைந்து வருடத்துக்கு முன்னால், எண்பதுகளின் தொடக்கம். சனவரி மாதம், பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். என் மூத்த மகள் மேரி பத்தாம் வகுப்பு. அரசுத் தேர்வுக்கு முன்னால் பள்ளியிலேயே ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். அது முடிந்ததும் அறிவியல் சொல்லிக் கொடுக்கும் சிஸ்டர் என்னை வரச் சொல்லி அனுப்பினார்கள். மில்லில் சொல்லிவிட்டு, நாங்கள் இருக்கும் சாரம் பகுதியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். நல்ல சேதிதான் என்று நினைத்தேன். சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு போனேன்.

சிஸ்டர் பேப்பரை என் முன்னால் வைத்தார்கள். மேரி பெயில்.

வேறு பாடமாக இருந்தால் பரவாயில்லை. மேரிக்குச் சின்ன வயதிலிருந்து ஒரே ஆசை, நர்ஸ் ஆக வேண்டும். கன்னியர் நடத்தும் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்க்க வேண்டுமானால் அறிவியலில் நல்லபடியாகத் தேறியிருக்க வேண்டும். இதில் போனால் எல்லாமே போனது.

"சிஸ்டர், பாடமெல்லாம் தலைகீழா சொல்லுதே எங்க மேரி. நான்தான் தெனமும் கேக்குறேன்" என்றேன்.

எங்கள் வீட்டுப் படிப்பு எப்படி நடந்தது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மேரிக்குப் பாடம் சீக்கிரம் மறந்துபோகும். ஆனால் செபம் மட்டும் மறக்காது. தினமும் மாலையில் நாங்கள் செபமாலை சொல்லி, அதன் முடிவில் மாதா பிரார்த்தனை சொல்வோம். நான் ஒரு வரி சொல்ல, எல்லோரும் சேர்ந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். அந்த ராகம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தூக்கத்திலும் வரும். ஒருநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. அறிவியலையும் இதே ராகத்தில் போட்டால் என்ன?

போட்டோம். செபம் முடிந்ததும் புத்தகத்தை நான் கையில் எடுத்துக்கொள்வேன். நான் கேள்வியை ராகமாக இழுப்பேன். மேரி பதிலை ராகமாக இழுப்பாள். சின்னவள் செலினும் கூடவே இழுப்பாள், அவளுக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. என் மனைவி ஞானம்மா பகலெல்லாம் உழைத்த களைப்பில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பாள். பழக்க தோஷம், நான் நிறுத்துகிற இடமெல்லாம் அவள் வாய் தானாகத் திறக்கும்.

"கந்தக அமிலமே..." என்று நான் இழுத்தால், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பாள் ஞானம்மா.

அடுத்த வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோரும் அவரை சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா சவரி, நம்ம கோயில்ல புதுசா ஒரு அர்ச்சிஷ்டவர் சேந்திருக்காராமே? கந்தக அமிலம்னு? திருவிழா என்னிக்கி?"

அமிலத்தைப் புனிதராக்கிவிட்டாரே என்று நாங்கள் சிரித்தோம். இருந்தாலும் எனக்குப் பெருமைதான். புத்தகம் முழுவதும் ஒரு எழுத்து பிசகாமல் மேரி சொல்வாள். அப்படிப்பட்ட பிள்ளை எப்படிப் பெயில் ஆகும்?

சிஸ்டர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். அப்புறம் பேப்பரில் ஒரு இடத்தைக் காட்டினார்கள். இதயத்தின் இடது வெண்ட்ரிகிள் என்ன வேலை செய்கிறது என்று கேள்வி. இரண்டு வரி எழுதினால் போதும். மேரி இதயப் பாடத்தை முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டே போயிருந்தாள். பக்கம் பக்கமாகப் போய்க் கடைசியில் இடது வெண்ட்ரிகிளுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அடுத்த கேள்விக்கும் அப்படியே. பாதிப் பேப்பருக்குள் மணி அடித்துவிட்டது. 'காரணம் கூறுக' என்று ஒரு பகுதி, அது முழுக்க வெள்ளை.

"உங்க வீட்டுல மாதா பிரார்த்தனை யார் சொல்றது?" என்று கேட்டார்கள் சிஸ்டர்.

"நான்தாங்க சிஸ்டர்."

நடுவிலிருந்து ஒரு வரியைச் சொல்லி, "இதுக்கு அடுத்தது என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றார்கள்.

தினமும் சொல்கிறவன் நான். வாயைத் திறந்தேன், வரவில்லை. உதட்டை அசைத்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சிஸ்டர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்கள்.

"இப்ப எங்கேருந்து ஆரம்பிச்சிருக்கீங்க?"

"மொதல்லேருந்துதாங்க சிஸ்டர்."

"உங்க பொண்ணும் அதான் பண்ணுது. செபத்துக்கு அது போதும், மாதா காத்திருப்பாங்க. பரிட்சைக்கு மணி காத்திருக்காது. பாடம் அவளுக்கு ராகமாத்தான் தெரியுது, விஷயமாத் தெரியல."

எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கி என்ன செய்ய? விஷயமாகச் சொல்லிக் கொடுக்க எனக்கு விஷயம் தெரிந்தால்தானே? புத்தகத்தை வாசிப்பேன். வாசித்தது என்ன என்று கேட்டால் முழிப்பேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிட மோசம். மேரி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை.

"மேரி, இன்னும் நாள் இருக்குதும்மா" என்றேன்.

"நா பரிட்சைக்குப் போவல. என்ன விட்டுடுங்கப்பா."

"அப்படிச் சொல்லலாமா?"

"நா மக்குப்பா. நர்ஸு வாணாம், ஒண்ணும் வாணாம்."

அன்றிலிருந்து அவள் பேச்சே நின்றுவிட்டது. பள்ளிக்குப் போவாள், வருவாள், சாப்பிடுவாள். கேட்டதற்குத் தலையை ஆட்டுவாள். செபத்தில்கூட அவள் குரல் கேட்காது. பிள்ளைகளே, வீட்டில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் அந்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

நான் டியூஷன் வாத்தியார் தேடினேன். எங்கள் பக்கத்தில் அறிவியலுக்கு நல்ல வாத்தியார் ஒருவர் இருந்தார். போய்ப் பார்த்தால் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இன்னொருவர் வீட்டில் வாசற்படி வரை பிள்ளைகள், இடமில்லை என்று கையை விரித்துவிட்டார். எனக்குக் கால் ஓய்ந்துபோனது.

தெருமுனையில் மாதா சொரூபம் வைத்த குகை போன்ற கெபி இருக்கிறது. ஷிப்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கே முழங்கால் போட்டேன். "அம்மா மாதாவே, உங்க மகனிடம் சொல்லி எங்களுக்கு ஒரு வாத்தியாரை அனுப்பி வையுங்கள். என் பிள்ளையை அந்தப் பரிட்சை எழுத வையுங்கள்" என்று வேண்டினேன். தினமும் வேண்டினேன். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். யாராவது புதிதாகத் தெருவுக்குள் வந்தால், இவர்தான் வாத்தியாரோ என்று பார்ப்பேன். ஒருநாள் கண்ணாடி போட்டு, கையில் பையோடு ஒருவர் வந்தார். ஓடிப்போய் விசாரித்தேன். கொசுமருந்து அடிக்க வந்தவர்.

இப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை வந்தது. எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் பீடத்தில் நிற்கிற பித்தளை மெழுகுவத்தித் தண்டுகளைச் சனிக்கிழமைதோறும் ஒரு குடும்பம் வாங்கிவந்து துலக்கிக் கொடுக்கும். அந்த வாரம் எங்கள் முறை. கிணற்றடியில் ஞானம்மா புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு தேய்த்தாள். செலின் தண்ணீர் ஊற்றினாள். மேரி வேண்டாவெறுப்பாக ஒரு தண்டைக் கையில் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஞானம்மா பள்ளிக்கூடத்தையே பார்க்காதவள். ஆனால் வாய் சும்மா இருக்காது. தேய்த்துக்கொண்டே தனக்குத்தானே பேசினாள்.

"சவுக்காரம் போட்டுத் தேச்சேன், ஒண்ணும் போவல. புளியக் கண்டதும் பச்சையெல்லாம் பறந்துடுச்சி. அப்படி இன்னாதான் இருக்குது இந்தப் புளியில?"

தலையைத் தூக்காமலே மேரி சொன்னாள்.

"அமிலம்."

"இன்னாது?"

"புளியில அமிலம் இருக்குதும்மா. பித்தள மேல பச்சையாப் படிஞ்சிருக்குதே, அது காரம் மாதிரி. ரெண்டும் சேந்தா உப்பாயிடும். தண்ணி ஊத்துனா கரைஞ்சி போயிடும். சவுக்காரமும் காரந்தான், அது எப்படி அதப் போக்கும்?"

"உப்பாவா ஆவுது?" ஞானம்மா விரலைப் பார்த்தாள். "நக்கிப் பாக்கட்டா?"

"ஐயோ அம்மா! அது சோத்துல போடுற உப்பு இல்ல! வாயில வெச்சிடாத!"

மேரி சிரித்தாள். பரிட்சைப் பேப்பர் வந்த நாளுக்கு அப்புறம் அன்றுதான் அவள் சிரித்தாள். நான் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

ஞானம்மா அதோடு விடவில்லை. தண்டுகளைக் கழுவத் தண்ணீர் இழுத்தாள். வாளி தண்ணீருக்கு மேலே வந்ததும் நிறுத்தினாள்.

"ஏண்டி மேரி, இதையும் சொல்லு. வாளி தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் கைக்கொழந்தையாட்டம் லேசா வருது. வெளிய வந்ததும் மாமியாக்காரி மாதிரி கனக்குது. அதே வாளி, அதே தண்ணி. நடுவுல இன்னா ஆவுது?"

"தண்ணிக்குள்ள இருக்கும்போது தண்ணியே அத மேல தள்ளுதும்மா. அதான் லேசு. வெளிய வந்தா தள்ள ஆளில்ல. எல்லா எடையும் ஒன் கையில வந்துடுது."

"மெய்யாவா?" என்று ஞானம்மா வாளியை மறுபடியும் இறக்கி ஏற்றிப் பார்த்தாள். செலினையும் பிடித்து இழுக்கச் சொன்னாள். என்னையும் கூப்பிட்டாள். நாங்கள் எல்லோரும் மாறி மாறி இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தோம்.

மதிலுக்கு மேலே சொல்தாவின் தலை தெரிந்தது. "இன்னா குடும்பமே கெணத்துல மீன் புடிக்கிறீங்களா?"

"பாடம் படிக்கிறோம் தாத்தா!" என்றாள் செலின்.

"போன மாசம் பாட்டு, இந்த மாசம் வாளியா? நல்ல பள்ளிக்கூடம்டா சாமி!"

அதற்குப் பிறகு ஞானம்மாவை நிறுத்த முடியவில்லை. அடுப்படியில் கேட்பாள், துணி காயப்போடும்போது கேட்பாள். கேள்விக்கு ஒரு வரிசை கிடையாது. ஓடிவந்தால் நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்பாள். அதற்குப் பதில் வருமுன்னே, முருங்கைக்கீரை ஏன் பச்சையாக இருக்கிறது என்பாள். மேரி முதலில் அலுத்துக்கொள்வாள். அப்புறம் சொல்வாள். பதில் தெரியாவிட்டால் போய்ப் புத்தகத்தைப் பிரிப்பாள், நான் சொல்லாமலே. அதிலும் தெளியாவிட்டால் மறுநாள் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு வருவாள். ஏனென்றால் அரைகுறையாகச் சொன்னால் ஞானம்மா விடமாட்டாள். "எனக்குப் புரியல, இன்னொரு வாட்டி சொல்லு" என்பாள். புத்தகத்து வார்த்தையில் சொன்னால், "அது உங்க சிஸ்டருக்குச் சொல்லு, எனக்கு என் பாஷையில சொல்லு" என்பாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இவ்வளவும் கண்முன்னே நடக்கும்போது, காலையும் மாலையும் கெபியில் போய், "மாதாவே, வாத்தியார் எங்கே? இன்னும் அனுப்பவில்லையே" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி மாதம் ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வெயில் இறங்குகிற நேரம். வாசலில் சைக்கிளை நிறுத்தப் போனேன். உள்ளே பேச்சுச் சத்தம்.

"என் தங்கச்சி வூட்டு ஜன்னக் கம்பி மட்டும் ஏன் அவ்ளோ சீக்கிரம் துருப்புடிக்குது? நம்ம வூட்டுது நல்லாத்தானே இருக்குது?"

"சித்தி வூடு கடலோரத்துல இருக்குதும்மா. காத்தும் ஈரமும் பட்டாலே இரும்பு துருப்புடிக்கும். அங்க உப்புக் காத்து வேற. இன்னும் சீக்கிரமா புடிச்சிக்கும்."

"அப்ப ரத்தத்துலயும் இரும்பு இருக்குதுன்னியே, அது துருப்புடிக்காதா?"

"நல்லாக் கேட்டியே! அது கம்பியாட்டம் இருக்குதுன்னு நெனச்சியா? அது ரத்தத்துல வேற ஒண்ணோட சேந்து இருக்குதும்மா. மூச்சுல வர்ற காத்தப் புடிச்சி உடம்பு முழுக்கக் கொண்டு போவும். இடது வெண்ட்ரிகிள்தான் அத எல்லா எடத்துக்கும் தள்ளி விடும்."

இடது வெண்ட்ரிகிள்! துருவிலிருந்து நேராக அதில் போய் நின்றாள். முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. ராகமும் இல்லை.

நான் சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். நான் வாத்தியாரை வெளியே தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடி போட்டவரைத் தேடினேன், பை வைத்திருந்தவரைத் தேடினேன். ஆண்டவர் என் செபத்தை என்றைக்கோ கேட்டுவிட்டார். ஒன்றும் தெரியாத ஒருத்தியை என் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். மேரியை டீச்சராக்கி அவளுக்கு ஒரு மாணவியைக் கொடுத்துவிட்டார்.

உள்ளே போய் ஞானம்மாவிடம் கேட்டேன். "இதெல்லாம் தெரிஞ்சிதான் கேக்குறியா?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குப் பாடம் கீடமெல்லாம் தெரியாதுங்க. அது வாயத் தொறந்து பேசணும். அதுக்கு எதையாவது கேக்கணும். அவ்ளோதான்."

அன்றைக்கு நான் மறுபடியும் கெபிக்குப் போனேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் சோதனை அதோடு முடியவில்லை. மார்ச் மாதக் கடைசியில் அறிவியல் பரிட்சை. நாங்கள் எல்லோருமே போனோம். ஞானம்மா அதுவரை அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அங்கே போனால் எங்கு பார்த்தாலும் பிள்ளைகள், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து முணுமுணுத்துக்கொண்டு. அதைப் பார்த்ததும் மேரியின் முகம் வெளிறியது. உதடு அசைந்தது. எனக்குத் திக்கென்றது. பழைய ராகம்! இதயப் பாடத்தை முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். பாதியில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"அப்பா, ஒண்ணுமே ஞாபகம் வரல. நா உள்ள போவல. வூட்டுக்குப் போலாம்பா" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இவ்வளவு தூரம் கூட்டி வந்தீர், வாசலில் விட்டுவிடாதேயும்" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

கண்ணைத் திறக்குமுன் ஞானம்மாவின் குரல் கேட்டது.

"மேரி, வழியெல்லாம் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மறந்தே பூட்டேன். மண்பானைத் தண்ணி சில்லுனு இருக்குது. பித்தளக் கொடத்துத் தண்ணி ஏன் அப்படி இல்ல?"

"அம்மா, இப்பவா கேப்ப?"

"இப்பதானே ஞாபகம் வந்துது. சொல்லிட்டுப் போ. இல்லன்னா நீ வர்ற வரைக்கும் எனக்கு மண்ட கொடையும்."

மேரி பெருமூச்சு விட்டாள். "பானையில கண்ணுக்குத் தெரியாத ஓட்ட இருக்குதும்மா. தண்ணி அதுல கசிஞ்சி ஆவியாப் போவும். போவும்போது உள்ள இருக்கிற சூட்டையும் எடுத்துகினு போவும். பித்தளையில ஓட்ட இல்ல. எப்படிக் கசியும்?"

"அட, ஆமாம்!"

"இது தெரியலயா ஒனக்கு?" என்றாள் மேரி. என் சட்டையை விட்டிருந்தாள். கன்னத்தில் ரத்தம் வந்திருந்தது. மணி அடித்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

பரிட்சை முடியும் வரை எதிரில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சிலர் அழுதுகொண்டே வந்தார்கள். கேள்வியெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டார்களாம். கடைசியில் மேரி வந்தாள்.

ஞானம்மா ஓடினாள். "நா கேட்டது ஏதாவது வந்துதாடி? புளி? வாளி? பானை?"

"ஒண்ணு கூட வரலம்மா."

ஞானம்மாவின் முகம் விழுந்துவிட்டது. மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேட்டது ஒண்ணும் வரல. ஆனா வந்ததெல்லாம் நீ கேட்டா மாதிரியே இருந்துதும்மா. ஒனக்குச் சொல்றா மாதிரியே எழுதிட்டேன்."

தேர்வு முடிவு வந்தபோது மேரி எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். இருப்பதில் அதிக மார்க் அறிவியலில்தான். சிஸ்டர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஞானம்மாவையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இவள் வெட்கப்பட்டுக்கொண்டு போகவே இல்லை. சொல்தா மட்டும் வீடு தேடி வந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிராவோ! பொண்ணுக்கு இல்ல, பொண்ணப் பெத்தவளுக்கு!" என்றார்.

மேரி இப்போது நர்ஸ் பயிற்சி முடிக்கப் போகிறாள். அவள் பேச்சை இப்போது எங்களால் நிறுத்த முடியவில்லை. எங்கள் வீட்டில் மாலைச் செபம் முன்பு போலவே நடக்கிறது. ஆனால் அறிவியலுக்கு ராகம் கிடையாது. செபம் முடிந்ததும் ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். நானும் கேட்கிறேன். இந்த வயதில்தான் எனக்கு மழை எப்படிப் பெய்கிறது என்று தெரிந்தது.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பயமாக இருந்தால் முழங்கால் போடுங்கள். ஆண்டவர் கட்டாயம் கேட்பார். ஆனால் உதவி இந்த வழியில்தான் வர வேண்டும் என்று அவருக்கு நீங்கள் வழி சொல்லாதீர்கள். நான் சொன்னேன், அதனால்தான் வந்த உதவியைப் பார்க்கவே எனக்கு அத்தனை நாள் பிடித்தது. செபம் செய்துவிட்டுப் புத்தகத்தைப் பிரியுங்கள். வீட்டில் யாராவது ஒன்றும் தெரியாமல் ஒரு கேள்வி கேட்டால் சிடுசிடுக்காதீர்கள். உங்கள் பாஷையில் அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியை யார் அனுப்பினார் என்று யார் கண்டது?

அப்படிக் கேட்க உங்கள் வீட்டில் ஆளில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மாலைச் செபத்துக்குக் கதவு திறந்துதான் இருக்கும். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞானம்மாவுக்குக் கேட்பதற்கு இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது.